ஒரு தம்ளர், பன்னிரண்டு மில்லிமீட்டர்

இன்று காலை பத்து மணிக்கு என் கைப்பேசி வெயிலைப் பற்றி எச்சரித்தது. வெளியே போகாதே, போனால் தண்ணீர் குடி, நிழலாகப் பார்த்து நில் என்றது. பத்தரை மணிக்கு அதே கைப்பேசி இடி மின்னலைப் பற்றி எச்சரித்தது. மரத்தடியில் நிற்காதே என்றது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நிழலில் நிற்கச் சொன்னதும் இதுதான். ரவாங்கில் என் வீட்டு வாசலில், கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இதன் எந்தப் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

மே தின விடுமுறை. சுங்கை செம்பிலாங்குக்குப் போய் மீன் சாப்பிடலாம் என்று திட்டம் போட்டவள் மகள் கவிதா. திட்டத்தைக் கலைத்தவளும் அவள்தான்.

"அப்பா, நாலு மணிக்கு தண்டர்ஸ்டோர்ம் லா. எய்ட்டி பர்சன்ட். கடல் பக்கம் ஃபுல்லா ரெட்," என்று கைப்பேசியை என் மூக்குக்கு அருகில் நீட்டினாள். வரைபடத்தில் கோலசிலாங்கூர் பக்கமெல்லாம் யாரோ மிளகாய்ச் சட்டினியைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"அந்த எண்பது பர்சன்ட்ட யாரு போய் எட்டிப் பாத்தாங்க?"

"சேட்டலைட்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் அதே கோலசிலாங்கூரில் மழையை எட்டிப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரு போத்தலுக்குள் எட்டிப் பார்ப்பேன். அந்த வேலையில் நான் செய்த தில்லுமுல்லு மட்டும் இல்லையென்றால், இந்தக் கவிதா இன்றைக்கு என் மூக்கில் கைப்பேசியை இடித்துக்கொண்டிருக்கமாட்டாள்.

புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர்களில் இளையவன். பெரிய கிராணிக்கு நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. சின்னக் கிராணிக்கு ஸ்டோர் சாவியும் மழைப் போத்தலும் உண்டு. மழைப் போத்தல் என்றால் வேறொன்றுமில்லை. ஆபீசுக்கு முன்னால் புல்லைச் சமமாக வெட்டி, சுற்றிலும் வெள்ளையடித்த கட்டை வேலி போட்டு, நடுவில் ஒரு செப்புக் குழாயை நட்டுவைத்திருப்பார்கள். அதன் தலையில் ஒரு புனல். புனலுக்கு அடியில் ஒரு கண்ணாடிப் போத்தல். மழை பெய்தால் போத்தலில் சேரும். மறுநாள் காலை அதை அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, புத்தகத்தில் எழுதவேண்டும். படித்தவர்கள் இதை மழைமானி என்பார்கள். நாங்கள் அந்த அளவுக்குப் படிக்கவில்லை.

எழுதுவது நான். பார்ப்பது மானேஜர். குணசீலன் என்று பெயர். நல்ல மனிதர், ஆனால் அளக்காத எதையும் நம்பமாட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வியர்வை சொட்டும்போதும், ஆபீஸ் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத்தான், "ம், சூடா இருக்கு," என்பார். ஒருமுறை அது உடைந்துபோனது. புதிது வரும்வரை இரண்டு வாரம் அவர் வெயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் மனைவி எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சரியாக ஏழு மணிக்கு வருவார். வேலிக் கதவைத் திறப்பார். தொப்பி நிழல் விழுந்து உள்ளே தெரியாது என்பதால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். குனிந்து புனலுக்குள் பார்ப்பார். பிறகு நான் போத்தலை எடுத்து ஊற்றுவேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இதை வேலிக்கு வெளியிலிருந்து ஒரு கூட்டமும் நினைவில் வைத்துக்கொண்டது.

அந்த வருடம் ஏப்ரலில் அடித்த வெயிலை எப்படிச் சொல்வது? தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டி காய்ந்து, வாரம் இரண்டு தடவை லோரியில் தண்ணீர் வந்தது. தார் ரோட்டில் என் இடது செருப்பு ஒட்டிக்கொண்டது. நான் இரண்டடி முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்தேன். வாத்துகள் காய்ந்த கால்வாயில் வரிசையாக உட்கார்ந்து எங்களைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தன. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஒரு பொட்டு மேகம் இல்லை.

தோட்டம் முழுவதும் மழைக்கு ஏங்கியது. ஒரே ஒரு ஆள் மட்டும் மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தான். அது நான்தான்.

காரணம் கெர்லிங்கில் இருந்தது. அக்காவைக் கெர்லிங்கில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள், பெயர் விமலா என்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஸ்டூடியோ படம் இல்லை. யாரோ வாசலில் நிற்கவைத்து எடுத்தது. கண்ணில் வெயில் அடிக்க, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எடுப்பவரைத் திட்ட வாயெடுக்கிற முகம். அந்தத் திட்டை நான் வாங்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வியர்வையில் ஒரு மூலை வெளுத்துப்போனது.

பெண் பார்க்க இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் நான் போகவில்லை. முதல் தடவை உர லோரி வந்துவிட்டது. இரண்டாவது தடவை எனக்கு அம்மை போட்டுவிட்டது. அக்கா ஆபீஸ் தொலைபேசிக்கே அழைத்துக் கத்தினாள்.

"மே டே அன்னிக்கு நீ வரலன்னா அவ்வளவுதான்டா. தஞ்சோங் மாலிம் மாப்பிள்ளைய வரச் சொல்லிட்டாங்க. அவன் காடி வச்சிருக்கான்."

என்னிடம் கார் இல்லை, ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. அதுவும் இறக்கத்தில்தான் நன்றாக ஓடும்.

இதில் மழை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஸ்டோரில் உர மூட்டைகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வீண். மானேஜரின் கட்டளை இதுதான்: ஒரே நாளில் இருபத்தைந்து மில்லிமீட்டர் மழை பெய்துவிட்டால், அன்றே உரம் போட இறங்கவேண்டும். லீவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஸ்டோர் சாவிக்காரன் மூட்டையை எண்ணிக் கொடுக்காமல் எந்த மூட்டையும் நகராது. நான் என் நிலைமையைச் சொல்லிப் பார்த்தேன்.

"பொண்ணு எங்கயும் ஓடிடாதுய்யா. ஸ்டோர்ல இருக்கிற பாஜா மூட்டதான் கட்டிபுடிச்சுக் கல்லாயிடும்," என்றார்.

அவர் பெண்ணை அளந்து பார்க்கவில்லை. அதனால் தெரியவில்லை.

மே தினத்துக்கு மூன்று நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் நான் போத்தலைத் தூக்கினேன். கனமாக இருந்தது. குவளையில் ஊற்றினேன். பன்னிரண்டு மில்லிமீட்டர். லேசாக மஞ்சள் நிறம்.

மானேஜர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகமும் இல்லை. தரையைப் பார்த்தார். அவர் சப்பாத்துக்கு அடியிலிருந்து புழுதி எழும்பியது. மறுபடியும் குவளையைப் பார்த்தார்.

"ராத்திரி இங்க மட்டும் பேஞ்சிருக்கு," என்றார். "எழுது, பன்னெண்டு."

எழுதினேன். அவர் போனபிறகு புனலைக் கூர்ந்து பார்த்தேன். விளிம்பில் மூன்று விரல் குங்குமம். அடியில் ஒரு செவ்வந்திப் பூ.

உரம் போடும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி பாக்கியம். மழை இல்லாமல் வேலையும் இல்லாமல் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். இந்தத் தோட்டத்தில் யாருக்கும் தலை வணங்காத மானேஜர் தினமும் விடிந்ததும் ஓர் இடத்துக்கு வருகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். குனிகிறார். பக்கத்தில் சின்னக் கிராணி பயபக்தியோடு நிற்கிறான். மழை வேண்டுமென்றால் எங்கே கேட்கவேண்டும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு தம்ளர் மஞ்சள் தண்ணீரோடு அபிஷேகத்தைத் தொடங்கிவிட்டாள்.

நான் கணக்குப் போட்டேன். ஒரு தம்ளர் என்றால் பன்னிரண்டு மில்லிமீட்டர். பாக்கியத்துக்குத் தாராள மனசு. அவள் தம்ளரிலிருந்து செம்புக்குப் போக அதிக நேரம் ஆகாது. ஒரு செம்பு, ஏறத்தாழ நாற்பது. என் கல்யாணத்தைக் கவிழ்க்க அது போதும்.

மறுநாள் ஆறரைக்கே போய்விட்டேன். நினைத்தது சரி, போத்தலில் பாதி இருந்தது. அதைத் தூக்கிப் புல்லில் கொட்டப் போகும்போது பின்னால் குரல் கேட்டது.

"கிராணி தம்பி, என்ன பண்றீங்க?"

பாக்கியம். கையில் காலிச் செம்பு. சாமி தண்ணீரைத் தரையில் கொட்டுகிறேன் என்று தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார்கள். போத்தலை உயர்த்திய கை அப்படியே நின்றது. கைக்கு அருகில் இருந்தது வாய். குடித்துவிட்டேன்.

மஞ்சள், குங்குமம், துளசி, முப்பது வருடச் செப்புக் களிம்பு. அதில் பாதி இறங்கும்போதே காது அடைத்தது. பாக்கியம் கண் கலங்கிவிட்டாள். "படிச்ச புள்ளைக்கு இம்புட்டு பக்தியா!" என்றாள். மானேஜர் வந்தபோது போத்தலில் சைபர். என் வயிற்றில் ஒரு முப்பத்தெட்டு இருக்கும்.

அன்று முழுவதும் நான் ஆபீசில் இருந்த நேரத்தைவிடக் கக்கூசில் இருந்த நேரம் அதிகம். அதற்குள் செய்தி லயம் லயமாகப் பரவிவிட்டது. அடுத்த நாள் ஆறரைக்குப் போனால் வேலிக்கு வெளியே ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கையில் தம்ளர், டப்பா, ஒருவர் கையில் சாயத் தேநீர்க் கோப்பை. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டியே வந்திருந்தார். கம்பீரமான ஆள். "முட்டி வலிக்கு நல்லதாமே?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கென்ன நஷ்டம்? அளவுக் குவளையை எடுத்து, பாக்கியம் அன்றும் ஊற்றியிருந்ததை ஆளுக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம் விநியோகித்தேன். அரசாங்கத் தரத்தில் அளந்து தீர்த்தம் கொடுத்த ஒரே கோவில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஏழு மணிக்கு மானேஜர் குனிந்தார். சைபர். இன்னும் ஒரே ஒரு நாள். விடிந்தால் மே தினம்.

அன்று மதியம் காற்று நின்றுபோனது. இலைகூட அசையவில்லை. நாலு மணிக்குக் கடல் பக்கம் வானம் கறுத்தது, கறுத்து ஊதாவாகி, எங்கள் மேல் விழுந்தது. அப்படியொரு இடி மழையை நான் பார்த்ததில்லை. பூப்பந்துக் கொட்டகையின் தகரக் கூரை எழுந்து, பறந்து, வாத்துக் கால்வாயைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. ஆபீஸ் தொலைபேசியில் மின்னல் இறங்கி, பெரிய கிராணி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அடி ஒன்றுமில்லை, ஒரு வாரத்துக்கு எல்லோரையும் சத்தமாகப் பேசச் சொன்னார். பெண்கள் மழையில் நின்று கைகூப்பிக் கத்தினார்கள். லயத்தில் இருந்த அண்டா, வாளி, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன. ஊரே சிரித்தது. நான் ஸ்டோர் வாசலில், உர மூட்டைகளுக்கு முன்னால் நின்று, உண்மையைச் சொல்கிறேன், அழுதேன்.

மே தினத்தன்று காலை ஆறு மணிக்குப் போத்தலை எடுத்தேன். பழக்க தோஷம், அளந்தும் பார்த்தேன். எண்பத்து நான்கு. அதைப் புல்லில் கொட்டினேன். துணியால் துடைத்தேன். கண்ணுக்கு முன்னால் மரம் விழுந்து கிடக்கிறது, கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, போத்தலை மட்டும் காயவைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் குணசீலன் என்ற மனிதர்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. குளித்து, புதுச் சட்டை போட்டு, மோட்டாரைத் தள்ளிக்கொண்டு ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தேன்.

வேலிக்குள் பாக்கியமும் நாலு பெண்களும் நின்றார்கள். கற்பூரம் எரிந்தது. மழை கொடுத்த சாமிக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா? ஒரு சின்னக் குடம் நிறையப் பால். கடைசிச் சொட்டுப் புனலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இன்னிக்குத் தீர்த்தம் இல்ல. பாலு!" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் மானேஜர் வந்துவிட்டார். தண்ணீரில் சளக் சளக் என்று சப்பாத்து ஓசை. தொப்பியைக் கழற்றினார். குனிந்தார். நீண்ட நேரம் நிமிரவில்லை.

"என்னய்யா இது?"

"பால், சார்."

"எப்ப பேஞ்சது?"

"நாங்கதாங்க ஐயா ஊத்துனோம்," என்றாள் பாக்கியம். "நேத்து மழை பேஞ்சிச்சில்ல, அதுக்கு."

"மழை பேஞ்சிச்சுன்னா போத்தல்ல மழைல்ல இருக்கணும்?"

இதற்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. மோட்டாரை மெதுவாக ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பாலை அளக்கச் சொன்னார். தொண்ணூறு. புத்தகத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார். தேதிக்கு ஒரு கட்டம், மழைக்கு ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம். பாலுக்குக் கட்டம் இல்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கிளையிலிருந்து சொட்டும் நீர் வழுக்கைத் தலையில் விழ விழ, அந்த மனிதர் யோசித்தார். அவர் நடிக்கவில்லை. நடிக்கத் தெரிந்தவர் அத்தனை நேரம் நனையமாட்டார்.

"பால் மழை இல்ல," என்றார் கடைசியில். "சைபர் போடு. மழை இல்லாம உரம் போட முடியாது. எல்லாரும் லீவுல போங்க."

நான் மோட்டாரை உதைத்த வேகத்தில் பாக்கியத்தின் கற்பூரம் அணைந்தது.

பத்தாங் பெர்ஜுந்தைவரை முதுகு வெந்தது. ரவாங்கில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செரண்டாவில் வழி முழுக்க நீராவி. ராசாவைத் தாண்டியதும் நேற்றைய இடி மழை என்னைத் தேடிக்கொண்டு வந்து பிடித்தது. கெர்லிங்கில் பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது என் புதுச் சட்டையின் நீலம் கழுத்து வழியாகக் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். விமலாவின் அப்பா தன் சாரோங்கைக் கொடுத்தார். அவள் தம்பி தன் பள்ளிக்கூடப் பந்து விளையாட்டுச் சட்டையைக் கொடுத்தான். முதுகில் ஏழாம் எண். சாரோங்கும் ஏழாம் எண்ணுமாக நான் பெண் பார்க்க உட்கார்ந்தேன். வெளியே இடி விழுந்து மின்சாரம் நின்றது. அரை இருட்டில் ஒரு தேநீர்த் தட்டு வந்தது, பின்னால் விமலா.

படத்தில் இருந்ததுபோலவே ஒரு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். தட்டை நீட்டினாள். என்ன கேட்பது என்று தெரியாமல், "அங்கயும் மழையா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க," என்றேன். "சைபர்."

மூன்று நாள் வாய் பழகியிருந்தது, என்ன செய்வது? தலையிலிருந்து தேநீருக்குள் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. எதற்குச் சம்மதித்தாய் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "காடி வச்சிருக்கவன் எப்பவேணா கெடைப்பான். பைசாவுக்குப் பிரயோஜனமில்லாம பொய் சொல்றவன் கெடைக்கமாட்டான்," என்றாள்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. விற்று, வெட்டி, வீடு கட்டிவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். பாக்கியம் மகனோடு கிள்ளானுக்குப் போனதாகக் கேள்வி. சாமி எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செப்புக் குழாய் எடைக்கு நல்ல விலை போகும்.

நாங்கள் ரவாங்குக்கு வந்தோம். நான் ஒரு தொழிற்சாலை ஆபீசில் சேர்ந்தேன். வானம் கறுத்தால் போதும், வீட்டிலிருந்து விமலா அழைத்துவிடுவாள். அவள் துணி காயப்போட்டிருக்கிறாள், நான் குடை மறந்திருக்கிறேன், அதெல்லாம் பேச்சில் வராது. "அங்கயும் மழையா?" என்று மட்டும் கேட்பாள். என் தலைக்கு மேல் தகரக் கூரையில் மழை இடித்துக்கொண்டிருக்கும். அவளுக்கும் அது நன்றாகக் கேட்கும். "சைபர்," என்பேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். இருபத்தாறு வருடம் இப்படிப் போனது. பக்கத்து மேசைக்காரர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

விமலா போய் மூன்று வருடம் ஆகிறது.

இன்றைக்கு நாங்கள் மீன் சாப்பிடப் போகவில்லை. நாலு மணிக்குச் சொன்னபடி மழை வந்தது. ஜன்னலருகே நின்று கைப்பேசியைத் திறந்தேன். கெர்லிங்கில் மழை, ராசாவில் மழை, கோலசிலாங்கூரில் மழை என்று எல்லாம் சரியாகக் காட்டியது. எங்கே எவ்வளவு பெய்கிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, என்னை அழைத்து யாரும் கேட்பதில்லை.